பத்துமுகப் பகடையில் ஒன்று விழுந்தால்



போன வாரம் நான் போட்ட படத்தில் என் உள்ளங்கையில் இருந்தது என்ன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பாசிமணியா, கோலிக்குண்டா என்று சிலர். 1989-ஆம் வருஷம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவன், "டீச்சர், ரிட்டயர்டு ஆனதும் சோழி உருட்டி ஜோசியம் பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றே கேட்டுவிட்டான். இல்லையப்பா. அது பகடை. ஒரு செட்டில் ஏழு இருக்கும். நாலு முகம், ஆறு முகம், எட்டு முகம், பத்து முகத்தில் இரண்டு, பன்னிரண்டு முகம், இருபது முகம். கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் கொண்டுவந்தது. இந்த வயதில் நானும் அதில் சேர்ந்து விளையாடினேன். விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். அதில் ஒரு விதியை வைத்து எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் மூன்று நாள் வழக்கு நடந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தெரியாதவர்களுக்கு விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். தாயக்கட்டம் மாதிரி இதில் காய் வெட்டிப் பழம் ஏற்றுவது கிடையாது. ஒருவர் கதை சொல்வார், அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். "குகைக்குள் போகிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பார் கதை சொல்பவர். நீங்கள் சொல்வது பலிக்குமா இல்லையா என்பதை இருபதுமுகப் பகடை சொல்லும். ஒரு மாலையோடு முடியாது. அதே பாத்திரத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், சில வீடுகளில் வருஷக்கணக்கில் கூட விளையாடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் டஞ்சன் மாஸ்டர் பெரிய பேத்தி, பதினாறு வயது. அண்ணன் பேத்தி ஒருத்தி (பதினாலு) ஃபைட்டர், அதாவது போர்வீரன். தம்பி மகளின் பையன், பதினோரு வயது, அவனும் ஃபைட்டர்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டான். சின்னப் பேத்தி மந்திரவாதி. நான் கிளெரிக், அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற சாமியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆச்சிக்கு அதுதான் பொருத்தம்" என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஹிட் பாயிண்ட் என்று ஒரு கணக்கு உண்டு. நான் அதை உயிர்ப்புள்ளி என்று சொல்லிக்கொள்கிறேன். அடி விழ விழ அது குறையும், தூங்கி எழுந்தால் திரும்ப வரும், பூஜ்யத்துக்குப் போனால் சுருண்டு விழுந்துவிடுவீர்கள். இப்போது நடப்பில் இருக்கும் விதிப்படி முதல் நிலையில் எல்லாருக்கும் அவரவர் பகடையின் உச்ச எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். போர்வீரனுக்குப் பத்து, கிளெரிக்குக்கு எட்டு, மந்திரவாதிக்கு ஆறு. அதோடு உடல் வலுவுக்கு ஒன்றோ இரண்டோ கூடும். அடுத்தடுத்த நிலைக்கு ஏறும்போதுதான் கேள்வி வருகிறது. புத்தகம் இரண்டு வழி சொல்கிறது. உங்கள் பகடையை உருட்டி, விழுந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். உருட்ட வேண்டாம் என்றால் குறிப்பிட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்துமுகத்துக்கு 6, எட்டுமுகத்துக்கு 5, ஆறுமுகத்துக்கு 4.

பேத்தி கேட்டாள். எல்லாரும் ஒரே குரலில் "உருட்டலாம்" என்றார்கள். பிள்ளைகள் வேறென்ன சொல்லும்? பகடையைக் கையில் கொடுத்துவிட்டு உருட்டாதே என்றால் நடக்குமா?

இரண்டாம் நிலைக்கு ஏறும்போது அண்ணன் பேத்திக்கு 9 விழுந்தது. பையனுக்கு 1. மூன்றாம் நிலைக்கு அவளுக்கு 8. அவனுக்கு 2.

நம் ஊரில் ஒன்று விழுந்தால் தாயம். காய் இறங்குவதற்கே அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே அது தரித்திரம். அவன் பகடையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள் (என் மாணவர்கள் மனக்கணக்காகவே போட வேண்டும், விரல் விடக்கூடாது). இரண்டு போர்வீரர்களுக்கும் உடல் வலு ஒவ்வொரு நிலைக்கும் 2. மூன்று நிலைக்கு 6. அவளுக்கு 10, 9, 8, அதோடு 6. மொத்தம் 33. அவனுக்கு 10, 1, 2, அதோடு 6. மொத்தம் 19. மந்திரவாதியான சின்னப் பேத்திக்கு ஆறுமுகப் பகடையில் 6-உம் 5-உம் விழுந்து, வலுவுக்கு மூன்று சேர்த்து 20. அதாவது கவசம் போட்டுக்கொண்டு முன்னால் நின்று அடி வாங்க வேண்டிய போர்வீரனை விட, பின்னால் நின்று மந்திரம் சொல்கிற பெண்ணுக்கு ஒரு புள்ளி அதிகம். அதைச் சின்னப் பேத்தி சொல்லிச் சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லை, பிள்ளைச் சிரிப்புதான். ஆனால் அது அவன் முகத்தில் போய் விழுந்ததைப் பார்த்தேன்.

அந்தப் பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறவினர்களுக்கு யார் என்று தெரியும். போன வருஷம் மஞ்சள்காமாலையில் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தவன். எழுந்த பிறகும் வீட்டில் அவனை ஓடாதே, தூக்காதே, வெயிலில் நிற்காதே என்றே வைத்திருக்கிறார்கள். வரிசையில் முதல் ஆளாக நிற்கிற உயரம். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன். அவன் ஏன் பெரிய கோடாலி வைத்திருக்கிற போர்வீரனைத்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தான் என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

அடுத்த ஆட்டத்தில் அவன் போர்வீரன் முன்னால் போகவே இல்லை. ஓகர் என்று ஒரு தடி ராட்சதன் வந்தான். அவன் கதையால் ஒரு தடவை அடித்தால் குறைந்தது 6, கூடினால் 20, சராசரி 13 புள்ளி போய்விடும். 33 வைத்திருப்பவள் சராசரியாக இரண்டு அடி தாங்கி மூன்றாவதில் விழுவாள். 19 வைத்திருப்பவன் இரண்டாவதிலேயே விழுவான், நேரம் சரியில்லை என்றால் முதல் அடியிலேயே. அவன் கணக்குப் புரிந்தவன். மந்திரவாதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மறுநாள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், "வயிறு வலிக்கு, நான் வரலை" என்றான். முந்திரிக்கொத்து மட்டும் நாலு தின்றான். வயிற்றுவலிக்காரன் தின்கிற அளவா அது?

பெரிய பேத்தியிடம் பேசினேன். "இது என்ன ஏற்பாடு பாப்பா? ரெண்டு தடவை உருட்டுனதுக்கு லீவு முழுக்க அவன் நோஞ்சானா நிக்கணுமா?" என்றேன். அவள் லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. "ஆச்சி, டைஸ் போட்டாத்தான் கேம். எல்லாத்தையும் ஃபிக்ஸ் பண்ணிட்டா ரெண்டு ஃபைட்டரும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருப்பாங்க. கம்மியா இருக்கறவன் மூளைய யூஸ் பண்ணி விளையாடணும். அதுதான் கதை" என்றாள்.

அவள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பகடை உருளும்போது பட்டாசாலையில் ஒரு நொடி மூச்சே நின்றுவிடும். அந்தச் சுகத்துக்காகத்தான் விளையாட்டே. பலவீனமான வீரன் தந்திரத்தால் தப்பிப்பது நல்ல கதைதான். ஆனால் அந்தக் கதையை அவன் கேட்கவில்லையே. அவன் கேட்டது கோடாலியோடு முன்னால் போகிற கதை. தந்திரக்காரனாக இருக்க விரும்பியிருந்தால் அதற்குத் தனியாகத் திருடன் பாத்திரம் இருக்கிறது, அதை எடுத்திருப்பான்.

அவளுடைய புத்தகத்தையும், அவள் காட்டிய வேறு சிலவற்றையும் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். வாத்தியார் புத்தி, மூலத்தைத் தேடாமல் இருக்காது. இந்த விளையாட்டு 1974-இல் அமெரிக்காவில் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊர்க்காரர் கேரி கைகாக்ஸ், மினசோட்டாக்காரர் டேவ் ஆர்னசன், இருவரும் சேர்ந்து எழுதியது. அதற்கு முன்னால் இருந்த போர் விளையாட்டுகளில் பொம்மைச் சிப்பாய்க்கு ஓர் அடி விழுந்தால் செத்தான், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆளைத் தன் ஆள் என்று வைத்து விளையாட ஆரம்பித்ததும், ஒரே அடியில் சாவது யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் ஆர்னசன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக் கப்பல்களை வைத்து ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து இந்தப் புள்ளிக் கணக்கை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேதமாகும். அந்தக் கணக்கு மனிதனுக்கு வந்தது.

1974-ஆம் வருஷப் புத்தகத்தில் எல்லாருக்கும் ஆறுமுகப் பகடைதான், முதல் நிலையிலேயே உருட்ட வேண்டும். மந்திரவாதிக்கு ஒன்று விழுந்தால் ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு கிளம்ப வேண்டியதுதான். எதிராளி ஆயுதத்துக்கும் அதே ஆறுமுகப் பகடை. எலி கடித்தாலும் போச்சு. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது கொடுமை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது ஒரு பாத்திரத்தை உருவாக்கப் பத்து நிமிஷம் போதும். செத்தால் இன்னொரு தாளை எடுத்து இன்னொருவனை எழுதிக்கொள்ளலாம். ஒன்று விழுந்தவன் இன்று போவான், நாளைக்கு ஆறு விழுந்தவன் வருவான். பரமபதத்தில் பாம்பு கடித்து இறங்கியவன் அடுத்த கட்டத்தில் ஏணி ஏறுவது மாதிரி.

பிறகு விளையாட்டு மாறியது. பாத்திரத்துக்கு ஊர், பெற்றோர், சபதம், பயம் என்று கதை எழுதிவைத்துக்கொண்டு, ஒரே ஆளை மாதக்கணக்கில் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். விதியும் பின்னாலேயே மெல்ல மாறியிருக்கிறது. 1975-இல் போர்வீரனுக்கு எட்டுமுகம், மந்திரவாதிக்கு நாலுமுகம் என்று பிரித்தார்கள். 1978-இல் போர்வீரனுக்குப் பத்துமுகம் ஆனது. ஒன்பதாம் நிலைக்கு மேல் அவனுக்குப் பகடையே கிடையாது, நிலைக்கு 3 என்று நிலையான எண். 2000-இல் முதல் நிலைக்கு உச்ச எண்ணைக் கொடுத்தார்கள். 2008-இல் வந்த நாலாம் பதிப்பில் பகடையை அடியோடு எடுத்துவிட்டார்கள். 2014-இல் இரண்டையும் வைத்து, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். ஆக, பகடையா நிலையான எண்ணா என்கிற வழக்கு நம் வீட்டில் மட்டும் நடக்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன் போனில் சிரித்தான். அவன் காலேஜில் படிக்கும்போது பால்டர்ஸ் கேட் என்று இதே விதிகளை வைத்து வந்த கம்ப்யூட்டர் விளையாட்டு (1998) ஆடுவானாம். "நிலை ஏறுறதுக்கு முன்னால சேவ் பண்ணிக்குவோம்மா. கம்மியா விழுந்தா திரும்ப லோடு பண்ணி, நல்லா விழுற வரைக்கும் உருட்டுவோம்" என்றான். நான் அவன் பாடப்புத்தகத்தைப் படிக்கிறான் என்று நினைத்துப் பால் ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்த ராத்திரிகள் அவை. இருக்கட்டும். ஆனால் அவன் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதிர்ஷ்டப்படி நடக்கட்டும் என்று வாயால் சொல்கிறவர்களும், தனியாக இருக்கும்போது அப்படி விட்டுவிடுவதில்லை.

கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த ஒன்றும் கிடைத்தது. பத்துமுகப் பகடையின் சராசரி 5.5. புத்தகம் கொடுப்பது 6. அரைப் புள்ளி கூடுதல். பேத்தி சொன்னாள், சில இடங்களில் "ஒன்று விழுந்தால் செல்லாது, மறுபடி உருட்டு" என்று வீட்டு விதி வைத்துக்கொள்வார்களாம். ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் 2 முதல் 10 வரை. அதன் சராசரி? சரியாக 6. எட்டுமுகத்தில் 2 முதல் 8, சராசரி 5. ஆறுமுகத்தில் 2 முதல் 6, சராசரி 4. புத்தகத்தில் இருக்கிற அதே எண்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"பகடை எல்லாருக்கும் பொதுதானே ஆச்சி, கடைசியில் சமமாயிடும்" என்பது பேத்தியின் அடுத்த வாதம். இங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். எது சமமாகும்? சண்டையில் இருபதுமுகப் பகடையை ஒரு மாலைக்குள் ஆளுக்கு இருபது முப்பது தடவை உருட்டுகிறோம். எனக்கும் ஒன்று விழும், உனக்கும் ஒன்று விழும், கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் இருபதும் விழும். அந்த அதிர்ஷ்டம் வந்துவிட்டுப் போய்விடும். உயிர்ப்புள்ளிப் பகடையை இந்த விடுமுறை முழுவதற்கும் எத்தனை தடவை உருட்டினோம்? இரண்டே தடவை. இரண்டு தடவையில் எது சமமாகும்? விழுந்தது விழுந்ததுதான். அது தாளில் ஏறி, ஒவ்வொரு சண்டைக்கும் கூடவே வரும். நான் வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறேன். யார் முதலில் வாசிப்பது, யார் கரும்பலகை துடைப்பது என்பதற்கெல்லாம். வருஷம் முழுக்க யார் கடைசி பெஞ்சு என்பதற்குச் சீட்டுப் போட்டது கிடையாது. பெஞ்சை வாரா வாரம் மாற்றினேன் என்பது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு களேபரம் நடக்குமே.

பேத்தி பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் சீக்ரெட்டா ஒன்பது பாயிண்ட் ஏத்திடறேன், யார்கிட்டயும் சொல்லாத" என்று சொல்லியிருக்கிறாள். நல்ல மனசு. அவன் மாட்டேன் என்றுவிட்டான். "எனக்கு மட்டும்னா வேண்டாம்" என்றானாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தனியாகக் கூப்பிட்டு நோட்டு கொடுத்தால் தொடமாட்டான். எல்லாருக்கும் அடுக்கிவைத்துக் கொடுக்கும்போது தன் பங்கை நிமிர்ந்து வந்து வாங்கிக்கொள்வான். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த மானக்காரர்கள் பாதிப்பேர் பத்து வயதில் அப்படித்தான் இருந்தார்கள்.

அதனால் பட்டாசாலையில் பஞ்சாயத்து கூடியது. எல்லாருக்கும் நிலையான எண் என்றால் அண்ணன் பேத்தியின் 33, 28 ஆகிவிடும். "நான் உருட்டி வாங்கினது. ஏன் கொடுக்கணும்?" என்றாள். அதுவும் நியாயம்தான், அவள் திருடி வாங்கவில்லையே. என்னைக் கேட்டால் எல்லாரையும் 28-க்கும், மந்திரவாதியை 17-க்கும் கொண்டுவந்திருப்பேன். ஆனால் டஞ்சன் மாஸ்டர் நான் இல்லை. சின்னப் பேத்திதான் (சிரித்தவள்தான்) ஒரு வழி சொன்னாள். நிலையான எண்ணுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் அந்த எண்ணுக்கு ஏறிக்கொள்ளட்டும், மேலே இருப்பவர்கள் இருப்பதை வைத்துக்கொள்ளட்டும், இனிமேல் நிலை ஏறும்போது யாரும் உருட்ட வேண்டாம். யாருக்கும் நஷ்டமில்லை. கைதூக்கி ஓட்டுப் போட்டார்கள்.

இதில் எனக்கும் லாபம் உண்டு, மறைக்கக் கூடாது. என் கிளெரிக்குக்கு விழுந்தது 3-உம் 4-உம். 18-இல் இருந்தவள் 21 ஆனேன். பையன் என் தாளை வாங்கிப் பார்த்தான். "ஆச்சிக்கும் ஏறுதா?" என்றான். "ஆமா, விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றேன். அதன் பிறகுதான் தன் தாளில் 19-ஐ ரப்பரால் அழித்து 28 என்று எழுதினான். அழுத்தி எழுதினான், பின்பக்கம் தடம் தெரிந்தது.

மறுநாள் அவன் போர்வீரன் எல்லாருக்கும் முன்னால் குகைக்குள் போனான். இன்னோர் ஓகர். முதல் அடி 15, இரண்டாவது அடி 16. பூஜ்யம். சுருண்டு விழுந்தான். எனக்குப் பக்கென்றது, ஐயோ மறுபடியுமா என்று. விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் மூன்று தடவை விழுந்தால் உயிர் நிலைத்துவிடும், பத்துக்குக் கீழே மூன்று தடவை விழுந்தால் கதை முடிந்தது. முதலில் 14. அடுத்து 6. "ஆச்சி, அவசரப்படாதீங்க, இன்னொண்ணு உருட்டிப் பாக்கேன்!" என்று கத்துகிறான், முகமெல்லாம் சிரிப்பு. நான் கேட்கவில்லை. என் முறை வந்ததும் மந்திரம் போட்டுத் தூக்கிவிட்டேன். எழுந்த வேகத்தில் கோடாலியை வீசினான், இருபது விழுந்தது. வீட்டுக்காரர் பின்கட்டிலிருந்து ஓடிவந்து என்னாச்சு என்று கேட்டார்.

இப்போது பிள்ளைகள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் வீடியோ காலில் தொடர்கிறது. நாலாம் நிலைக்கு வந்துவிட்டோம், பையனுக்கு 36 புள்ளி. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை எனக்கு யாரும் போன் பண்ண வேண்டாம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், முந்திரிக்கொத்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்